மேலே ஒன்றும் எழுதாத தாள்

எங்கள் தோட்டத்துச் சுடுகாட்டை நீங்கள்தான் அழித்தீர்கள்.

இயந்திரத்தை ஓட்டியவன் வேறு ஆள். நிலத்தை வாங்கியது ஒரு வீடமைப்பு நிறுவனம். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே புதைக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் எல்லாம் சம்மதம் கொடுத்துவிட்டன என்று அறிக்கை எழுதி, அதன் கீழே ஆலோசகர் என்று கையெழுத்துப் போட்டது நீங்கள். அந்தச் சம்மதம் பொய். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அந்தக் கையெழுத்துகளை வீடு வீடாகப் போய் வாங்கிக் கொடுத்தவளே நான்தான்.

என் கணவரையும் அங்கேதான் புதைத்திருந்தோம். இப்போது அவருடைய எலும்புகள் எங்கே கிடக்கின்றன என்று எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரிந்தாக வேண்டும். நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்து வருடம் மற்றவர்களுக்காக மனு எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு, நான் ‘நீங்கள்’ என்று சொல்கிறவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. இந்தப் பக்கத்தில் எல்லாரும் அவரை ஒய்.பி. என்றுதான் கூப்பிடுவோம். சட்டமன்ற உறுப்பினரை இந்த நாட்டில் அப்படித்தான் கூப்பிடுவது. இரண்டு தவணை மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தார். பதவி போய் வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் அவர் ஒய்.பி.தான். கல்யாண வீட்டில் முதல் வரிசையில் ஒரு நாற்காலி இன்னும் அவருக்காகக் காலியாக இருக்கும். அவர் வராவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். நாங்கள் அப்படிப்பட்ட ஜனங்கள்.

அவரை எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் கணவர் செத்த அன்று அவர் வந்தார்.

எங்கள் தோட்டம் சிரம்பானிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. முதலில் ரப்பர், பிறகு செம்பனை. என் கணவர் குலை வெட்டுகிறவர். நீளமான அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, மரத்து உச்சியில் இருக்கும் குலையை அறுத்து இழுக்க வேண்டும். தோட்டத்துக்குள்ளே மின்கம்பி ஒன்று போகிறது. அதற்குப் பக்கத்து வரிசை மரங்கள் வளர்ந்து கம்பி உயரத்துக்கு வந்துவிட்டன. அந்த வரிசையில் வெட்ட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காலை பத்து மணி இருக்கும். நான் உரம் போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஓடி வந்து, “அக்கா, ஓடியாங்க, அண்ணன் கம்பிய தொட்டுட்டாரு” என்றார்கள். நான் போனபோது அவர் கையில் இருந்த கம்பு இன்னும் மரத்தில் சாய்ந்து நின்றது. அவர் கீழே கிடந்தார். உள்ளங்கை கறுத்திருந்தது. வேறு ஒரு காயமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் பிரேதத்தைக் கொடுக்க இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அப்போதுதான் ஒய்.பி. வந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பேசினார். சாயங்காலத்துக்குள் பிரேதத்தை வாங்கிவிட்டார். வேனில் எங்களோடு உட்கார்ந்து தோட்டத்துக்கு வந்தார். குழிக்குப் பக்கத்தில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று கைப்பிடி மண் போட்டார். எல்லாரும் போன பிறகும் நின்றார்.

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் நானும் பாதி உண்மை சொல்கிறவள் ஆகிவிடுவேன். அன்றைக்கு அவர் நல்லவராக இருந்தார். நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு இப்போது கோபம் குறைவாக இருந்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஆள் விட்டுக் கூப்பிட்டார். “ஒனக்கு மலாய் நல்லா எழுதப் படிக்க வரும்னு சொன்னாங்கம்மா. நம்ம சேவை மையத்துல வந்து வேல செய்யி. வெயில்ல ஒரம் போட்டுக்கிட்டு என்னா பண்ணப் போற?” என்றார்.

போனேன். பத்து வருடம் வேலை செய்தேன்.

அந்த வேலையை நாங்கள் எப்படிச் செய்தோம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எல்லாக் கெடுதியும் அதற்குள்ளேதான் இருந்தது.

தோட்டத்தில் விடிவதற்கு முன்னே பெரட்டு. அங்கே போய் நின்று பெயர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. அரசாங்க அலுவலகங்கள் எட்டு மணிக்குமேல்தான் திறக்கும். ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் ஒரு நாள் வேலை போய்விடும். அதிலும் பாதிப் பேருக்கு மலாய் படிக்க வராது. அதனால் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நானே பெரட்டுக்குப் போய்விடுவேன். நின்று கேட்டு நிரப்ப அங்கே நேரம் கிடையாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பேன். வரிசையாக வந்து போட்டுவிட்டுப் போவார்கள். எழுதத் தெரியாதவர்கள் கட்டைவிரல் வைப்பார்கள். அலுவலகத்துக்கு வந்து, ஐசி என்கிற அடையாள அட்டையின் நகலை வைத்துக்கொண்டு, மேலே இருக்க வேண்டியதை எல்லாம் நான் நிரப்புவேன். அதாவது ஜனங்கள் கையெழுத்துப் போடும்போது தாளில் ஒன்றும் இருக்காது.

“என்னா பாரம்லா இது? எனக்கு ரெண்டாங் கல்யாணமா?” என்று வேலை மேற்பார்க்கிற மண்டோர் ஒருவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

பின்னால் நிற்கிற பெண்கள் விடமாட்டார்கள். “இருக்குற ஒருத்தியே ஒங்கள ஆப்பம் மாதிரி பொரட்டிப் போடுறா. சைன போட்டுட்டு நவுருங்க மண்டோரே, லோரி கெளம்பிரும்.”

ஒருத்தரும் தாளைப் படித்ததில்லை. படிக்கக் கொடுத்ததும் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்குப் பத்திரம் வந்தது. குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிக்காரர்களில் சிலருக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி வந்தது. கால் போனவருக்குச் சக்கர நாற்காலி வந்தது. பத்து வருடத்தில் அந்தப் பென்சில் குறியால் ஒருவர்கூடக் கெட்டுப்போகவில்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான். தோட்டத்துக் குமாஸ்தாவைச் சொல்வது போல ஒய்.பி. என்னைப் ‘பெரட்டு கெராணி’ என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. சேவை மையத்துக்குப் புது ஆள் வந்தார், அவர் தன்னுடைய ஆட்களைக் கொண்டுவந்தார். நான் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். கையுறை எண்ணிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அம்பாங்கானில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தேன். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பாதி அதற்குள் காலியாகிவிட்டது. என்னைப் போலவே எல்லாரும் டவுனுக்குப் போய்விட்டார்கள். ஆனால் செத்தவர்கள் எல்லாரும் அங்கேயே இருந்தார்கள்.

ஒய்.பி. தெமியாங்கில் ஒரு கடைக்கு மேல்மாடியில் ஆலோசனை நிறுவனம் திறந்தார். என்ன ஆலோசனை என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன்.

“நெலம் வாங்குற கம்பெனிக்காரனுக்கு நம்ம ஜனங்கள்ட்ட பேசத் தெரியாதும்மா. கண்டபடி பேசி சண்டையாயிரும். நான் நடுவுல நின்னு பேசிக் குடுக்குறேன். ரெண்டு பக்கமும் நிம்மதி” என்றார்.

அதோடு சேர்த்து ஒரு சமூக சேவை அமைப்பையும் நடத்தினார். கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பெயர்ப்பலகை. உள்ளே ஒரே மேசை, ஒரே கணினி, ஒரே ஆள். காலையில் கம்பெனிக்காக அறிக்கை எழுதுவார். மத்தியானம் பள்ளிப் பைகள் கொடுக்கப் போவார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சம்பளம் இல்லாமல் உதவி செய்வேன். அரிசி கட்டுவேன். பெயர்ப் பட்டியல் எழுதுவேன். அந்த இரண்டு பலகையைப் பார்த்து எனக்கு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒரு நாள் போன் செய்தார். “தோட்டத்துல கண் முகாம் போடுறோம்மா. வயசானவங்களுக்குக் கண்ணாடி. நீ போயி சைன் வாங்கிட்டு வந்துரு. பழையபடிதான்.”

தாள்களை வாங்கப் போனேன். ஒவ்வொன்றும் ஒற்றைத் தாள். மேல் பாதி வெறுமை. கீழே பெயர், ஐசி எண், கையெழுத்து, தேதி. ஒரு மூலையில் பக்க எண் இரண்டு என்று இருந்தது.

“மொதப் பக்கம் எங்க ஒய்.பி.?” என்று கேட்டேன்.

“இன்னும் அடிச்சு முடியலம்மா. நீ கடசிப் பக்கத்துல வாங்கிரு, நான் சேத்துக்குறேன்.”

நான் கேட்டேன் என்பதை ஒரு பெருமைக்காகச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு, அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு, படியிறங்கி வந்தேன். அதற்காகச் சொல்கிறேன். என் பங்கு அதுதான். வழியில் நின்று பென்சிலைச் சீவிக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது. லயத்தில் இருக்கிறவர்களை விட டவுனுக்குக் குடிபோனவர்களின் பெயர்கள்தான் ஒய்.பி. கொடுத்த பட்டியலில் அதிகமாக இருந்தன. அதில் பலருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. முப்பது வயது ஆட்கள்கூட இருந்தார்கள். என் பெயரும் இருந்தது, நானும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். நல்ல மனசு, எல்லாருக்கும் பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பெயர்கள் எல்லாம் சுடுகாட்டில் ஆள் இருக்கிற குடும்பங்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோட்டத்தில் பிறந்த எனக்கு, ஒவ்வொரு குழியும் யாருடையது என்று தெரிந்த எனக்கு, தோன்றவில்லை.

லயத்தில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால்மரம் வெட்டிய ரப்பர் காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறார். ஒரே மகன் பத்தொன்பது வயதில் மோட்டார் விபத்தில் போய்விட்டான். என் கணவருக்கு மூன்று குழி தள்ளி அவனைப் புதைத்தார்கள். நானும் அக்காவும் ஒன்றாகத்தான் போய்ப் புல் வெட்டுவோம். கையெழுத்து வாங்கப் போனபோது அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“இது எதுக்குடி?”

“கண்ணாடிக்குக்கா.”

“அதுக்கு எதுக்குடி கைநாட்டு? என்னா, கண்ணாடிய போட்டுக்கிட்டு நான் ஓடிருவேன்னு பயமா?”

“வைங்கக்கா, கத வேணாம். இன்னும் பத்து வீடு இருக்கு.”

அக்கா கையைப் பாவாடையில் துடைத்தார். கட்டைவிரல் ஈரமாக இருந்ததால் மை சரியாக ஒட்டவில்லை. நானே அந்த விரலைப் பிடித்து, துடைத்து, மையில் அழுத்தி, தாளில் உருட்டி வைத்தேன். சுத்தமாக விழுந்தது.

கண் முகாம் நடந்தது. கண்ணாடியும் கொடுத்தார்கள். கொடுக்காமல் ஏமாற்றியிருந்தால் ஜனங்கள் அன்றைக்கே கத்தியிருப்பார்கள். கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சுடுகாட்டுக்குப் போவோம். எங்கே வேலை செய்தாலும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். புல் வெட்டி, மண் அணைத்து, செத்தவர்களுக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பண்டிகை. நான் கருவாட்டுச் சம்பலும் சோறும் ஒரு டின் பீரும் எடுத்துக்கொண்டு போனேன். பாராங் கத்தியும் துடைப்பமும் பையில் இருந்தன.

சுடுகாட்டைச் சுற்றித் தகரம் அடித்திருந்தது. பச்சை வர்ணம் பூசிய புதுத் தகரம். இடுக்கு வழியாகப் பார்த்தேன். செம்மண், மட்டமாக, உருளை ஓட்டிய தடத்தோடு. ஒரு கல்கூட இல்லை. மூங்கில் புதர் இல்லை. சிலுவை நட்டிருந்த கிறிஸ்துவர் பக்கமும் இல்லை. இடம் தவறி வந்துவிட்டோமா என்று திரும்பி ரோட்டைப் பார்த்தேன். இடம் அதுதான்.

ஒவ்வொருவராக வந்தார்கள். காரில் வந்தார்கள், மோட்டாரில் வந்தார்கள். எல்லார் கையிலும் பை, பூ, சாப்பாடு. தகரத்துக்கு முன்னால் அப்படியே நின்றோம். படையலை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் ரோட்டு ஓரத்தில் வாழை இலையைப் போட்டார். லோரி போன காற்றில் அது பறந்தது. அவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். யாரும் சிரிக்கவில்லை.

சத்தம் அதிகமானதும் காவலுக்கு இருந்த ஜாகா யாரையோ போனில் கூப்பிட்டான். கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நம் தமிழ்ப் பையன்தான், படித்தவன், மரியாதையாகப் பேசினான். கையில் தடித்த கோப்பு. “எல்லாருமே பெர்மிஷன் குடுத்துருக்கீங்களே ஐயா. இங்க பாருங்க” என்று காரின் மேல் வைத்துத் திறந்தான்.

முதல் பக்கத்தில் மலாயில் அடித்திருந்தது. என் உறவினரின் சமாதியைத் தோண்டி எச்சங்களை வேறு இடத்துக்கு மாற்ற வாரிசாகிய நான் முழு மனதோடு சம்மதிக்கிறேன் என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் கட்டைவிரல் ரேகை. அதற்குப் பக்கத்தில், அழிக்க மறந்துபோன பென்சில் குறி.

நான் சத்தமாக வாசித்துத் தமிழில் சொன்னேன். வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லியிருக்கலாம். என் வாயாலேயே சொன்னேன். முடித்ததும் அக்கா கிட்டே வந்து தாளைப் பார்த்தார். முகாமில் கொடுத்த கண்ணாடியைப் போட்டிருந்தார்.

“இது நீ போடுற குறிதானேடி?”

“ஆமாக்கா.”

“அன்னிக்கு மீன் கழுவுறப்ப வச்சது.”

“ஆமாக்கா.”

“அப்ப எம்புள்ளைய எங்கடி வச்சீங்க?”

நீ என்று கேட்கவில்லை. நீங்கள் என்று கேட்டார். என்னை அவர்களோடு சேர்த்துவிட்டார். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்று நான் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

எலும்புகளை எல்லாம் முறைப்படி எடுத்து, சடங்கு செய்து, டவுனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொது மயானத்தில் வைத்துவிட்டார்கள் என்று அந்த அதிகாரி சொன்னான். அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது என்றான். அங்கிருந்து நேராகப் போனோம். அந்த மயானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு பெரியவர். பதிவுப் புத்தகத்தை எடுத்துவந்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார். “பொதைக்க வர்ற ஒவ்வொன்னையும் இதுல எழுதிருவேன்மா. ஒங்க தோட்டத்துல இருந்து ஒரு பையிகூட வரல. வந்திருந்தா நாந்தானே குழி வெட்டணும்?” என்றார்.

மறுநாள் நான் தெமியாங்குக்குப் போனேன். ஒய்.பி. தனியாக இருந்தார்.

“வா, ஒக்காரு. டீ குடிக்கிறியா?”

“வேணாம். எங்க வச்சீங்க?”

“என்னாது?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க ஒய்.பி. எலும்ப எங்க வச்சீங்க?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எல்லாம் முறையாத்தான் செஞ்சிருக்காங்கம்மா. ரிப்போர்ட்ல இருக்கு.”

“அந்த ரிப்போர்ட்ட யாரு எழுதுனது?”

“நாந்தான் எழுதுனேன்.”

“தோண்டுறப்ப நீங்க அங்க இருந்தீங்களா?”

“நான் எதுக்கும்மா அங்க போயி நிக்கணும்? கான்ட்ராக்டர் சொன்னாரு, நான் எழுதுனேன். கன்சல்டன் வேலன்னா அப்படித்தான்.”

“அங்க எம்புருசன் இருக்காருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

போனை எடுத்துப் பார்த்தார். வந்திராத செய்தியைத் தேடினார். பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய அண்ணன் தங்கச்சியிடம் பேசுவது போலப் பேசினார்.

“இங்க பாரும்மா. நான் ஒருத்தர்கிட்டயும் சைன் வாங்கல. வாங்குனது நீ. ஒவ்வொரு தாள்லயும் ஒன் பென்சில் குறி இருக்கு. போலீஸ்க்குப் போனா மொதல்ல ஒன்னையத்தான் கூப்புடுவாங்க. நான் ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். அக்கறையாகத்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் மேசை மேசையாகப் போய்ப் பேசியது அதே குரல்தான். அந்தக் குரலால் என்னென்ன செய்ய முடியும் என்று எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். எனக்கு எதிராக அதைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

போலீஸுக்குப் போனேன். முதலில் என் பெயரைத்தான் சொன்னேன். எழுதிக்கொண்டவர் இரண்டு தடவை கேட்டார், நீ புகார் கொடுக்கிறவளா, புகாருக்கு ஆளா என்று. இரண்டும்தான் என்றேன். விசாரிக்கிறோம் என்றார்கள். கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். ஆலோசகரைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. ஆலோசகருக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

பிறகு ஒரு லோரிக்காரர் கிடைத்தார். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண்ணுக்குச் சொந்தக்காரர். அந்த இடத்தில் மண் ஏற்றியவர். பேசவே பயந்தார். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மொத ரெண்டு நாள் ஒரு சாமியார் வந்து சூடம் கொளுத்துனாருக்கா. கொஞ்சம் பொறுக்கி வெள்ளத் துணியில கட்டுனாங்க. மூணாவது நாளு மழ. சூப்பர்வைசர் டைம் இல்லன்னுட்டாரு. அப்பறம் மெசின்தான். மண்ணோட சேத்து ஏத்துனோம்.”

“எங்க கொட்டுனீங்க?”

“ஒரு எடம் இல்லக்கா. எங்க பள்ளத்த மூடணும்னாங்களோ அங்க. புது ரோட்டுக்குக் கொஞ்சம். கடவீட்டு அடியில கொஞ்சம். எந்த லோரி எங்க போச்சுன்னு அவங்ககிட்ட சீட்டு இருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது.”

“அந்த வெள்ளத் துணி மூட்டைங்க?”

“அத யாரோ கார்ல எடுத்துட்டுப் போனாங்க. யாருன்னு தெரியாது. சத்தியமா தெரியாதுக்கா.”

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவராவது வாயைத் திறந்தார்.

அன்று முதல் ரோட்டில் நடக்கும்போது எனக்குக் கால் கூசுகிறது. அந்தப் பக்கம் புதிதாகத் தார் போட்ட இடத்தில் பஸ் போனால் கண்ணை மூடிக்கொள்கிறேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். நிறுத்த முடியவில்லை.

அக்காவிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை. நான் ஒய்.பி.யைத் திட்டினேன். அவர் எப்படி எல்லாரையும் ஏமாற்றினார் என்று நீளமாகச் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டார்.

“அவன விடுடி. அவன் பெரிய மனுசன், அவன் புத்தி அப்படி. நாங்க அவன் மூஞ்சிய பாத்தா நாட்டு வச்சோம்? ஒன் மூஞ்சிய பாத்து வச்சோம்.”

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். சத்தம் வராமல் மெதுவாகச் சாத்தினார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. தோட்டத்து ஆட்கள் பலர் பேசுவதில்லை. பாசாரில் பார்த்தால் காய்கறியைக் குனிந்து பொறுக்குகிறார்கள். இது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். நான் இதைப் புகாராகச் சொல்லவில்லை.

ஆனால் அதே ஜனங்கள் அவர் கொடுக்கும் அரிசிக்கு வரிசையில் நிற்கிறார்கள். அரிசி வேண்டும், நிற்கிறார்கள். “என்னா இருந்தாலும் கண்ணாடி குடுத்தாருல்ல” என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அவருடைய அப்பாவும் அந்தச் சுடுகாட்டில்தான் இருந்தார். அவருக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

இப்போது அவருடைய சமூகத் தொண்டைப் பாராட்டி மண்டபத்தில் விழா எடுக்கிறார்கள். தோட்டத்து ஆட்களை ஏற்றிவர பஸ் விடுகிறார்கள். மாலை போடுவார்கள். நோட்டீஸில் அவர் படம் பெரிதாக இருக்கிறது. நேரம் காலை பத்து மணி, அனைவரும் வருக என்று போட்டிருக்கிறார்கள். அனைவரும் என்றால் நானும்தான். நான் வருகிறேன்.

ஒய்.பி., உங்களிடம் நேராகவே சொல்கிறேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். உங்கள் கையில் மைக் கொடுப்பார்கள் இல்லையா, அப்போது சொல்லுங்கள். எந்த லோரி எங்கே கொட்டியது என்கிற சீட்டைக் கொண்டுவந்து, ஒவ்வொரு இடமாக, தமிழில் வாசியுங்கள். வெள்ளைத் துணி மூட்டைகளை எடுத்துப் போனது யார், இப்போது அவை எந்த இடத்தில் இருக்கின்றன என்று சொல்லுங்கள். தெரியாது என்றால், தெரியாமலே தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்று அந்த ஜனங்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். என் பங்கை நான் முதலில் எழுந்து சொல்லிவிடுகிறேன், வெற்றுத் தாளில் வாங்கியவள் நான்தான் என்று. அதற்காக என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். அதன் பிறகு நீங்கள் உட்காரக் கூடாது. அக்காவின் மகன் எங்கே, என் புருஷன் எங்கே என்று எல்லாருக்கும் கேட்கும்படி நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.